நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்குமா?

நேற்றுக் காலை நம் வண்டியை விலைக்குப் பார்க்கச் செம்பட்டியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். தேங்காய் வியாபாரி. நம் டிரைவர் சவரிமுத்துவுக்குத் தெரிந்தவர். டயரை உதைத்துப் பார்த்தார், கதவை நாலு தடவை திறந்து சாத்தினார், பிறகு பானட்டைத் தூக்கச் சொன்னார். தூக்கியதும் பேட்டரியிலிருந்து அந்தப் புளித்த ஆசிட் வாடை கிளம்பி வாசல் வரைக்கும் வந்தது. அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "ஏம்மா, நாலு நாள் சும்மா நிப்பாட்டி வெச்சா பேட்டரி எறங்கிருமா? உள்ளதச் சொல்லிருங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடிப் பத்து மாதம் ஆகிறது. இந்தப் பத்து மாதத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது நேற்றுத்தான். அந்த மனிதர் மிரண்டுபோய் ஓரடி பின்னால் நகர்ந்தார். "ஒரு காலத்தில எறங்குச்சு. இப்ப எறங்காது" என்றேன். "என்ன ரிப்பேரும்மா அது?" என்றார். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? வக்கீலய்யா என்று ஊரே கும்பிடுகிற உங்களைப் பற்றி, வண்டி வாங்க வந்தவரிடம் எதைச் சொல்வது? சவரிமுத்து வேண்டுமென்றே தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதனால் உங்களிடமே சொல்லிவிடுகிறேன். குறுக்கே பேசாமல் நீங்கள் கேட்கப்போகிற முதல் தடவை இதுதான்.

நயா பைசா வந்த வருஷம் அது. எனக்கு ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு தடவை கலைந்துபோயிருந்ததால் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, வலி கண்டால் இங்கே வைத்துப் பார்க்க முடியாது, நேரே மதுரைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும், பஸ்ஸையும் ரயிலையும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆகவே நம் வண்டி எந்த நேரமும் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். இதை நீங்கள், நான், சவரிமுத்து மூன்று பேரும் ஒன்றாகத்தான் கேட்டோம்.

நீங்கள் கோர்ட்டுக்கு நடந்தே போய் வருகிறவர். சனி, ஞாயிறு பகுத்தறிவுக் கூட்டங்களுக்குப் போவதற்குத்தான் வண்டி வெளியே எடுக்கப்படும். மற்ற நாளெல்லாம் கொட்டகையில் கிடக்கும். என் கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்டிருந்தீர்கள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சயன்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டு கால் கடுக்க நின்றவள், லீவு போட்டுவிட்டுப் படுத்தபடி அந்தக் கறுப்பு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை சவரிமுத்து செல்ஃபை அழுத்தினார். ஒரு முனகல் வந்தது, அவ்வளவுதான். முன்னால் போய் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். அது திருப்பி அடித்ததில் மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். கடைசியில் தெருவில் போன நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லித்தான் வண்டி கிளம்பியது. அடுத்த சனிக்கிழமையும் இதே கதை. நீங்கள் கறுப்புச் சட்டையும் தோளில் துண்டுமாக, "தள்ளுங்கப்பா, இன்னும் செத்தத் தள்ளுங்க" என்று பின்னாலேயே ஓடினீர்கள். நான் வலியோடு பின்சீட்டில் கிடக்கும்போதும் இப்படித்தான் தெருவில் ஆள் பிடிக்க வேண்டுமா என்று பயந்தேன்.

நீங்களும் பயந்தீர்கள். அது எனக்குத் தெரியாதா? ஆனால் உங்களுக்குப் பயம் வந்தால் யாரையாவது கூண்டில் ஏற்றிவிடுவீர்கள். அந்த முறை முதலில் ஏறியவர் மெக்கானிக் காதர் பாய். நல்ல மனிதர், கைராசிக்காரர். பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டி வெந்நீர் ஊற்றிக் கழுவினார், அப்போதும் பேட்டரி இறங்கியது. கழற்றிக்கொண்டுபோய் இரண்டு நாள் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்தார், அதுவும் இறங்கியது. டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கிற கட்அவுட் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டு, நிற்கிற வண்டியில் கரண்ட் டைனமோவுக்குத் திரும்பி ஓடுகிறதோ என்று சந்தேகப்பட்டு அதையும் மாற்றினார். கடைசியில் தன் பட்டறையிலிருந்தே ஒரு நல்ல பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டினார். நாலாம் நாள் அதுவும் செத்துக் கிடந்தது.

"பேட்டரி மேல குத்தம் இல்லைங்கய்யா" என்றார்.

"அப்ப யார் மேல?"

"வண்டி சும்மா நிக்கிறப்பவும் உள்ள ஏதோ ஒண்ணு கரண்டக் குடிக்கிது. வயரை எடுத்துத் தொட்டாப் பொறி விழுகுது பாருங்க. டாஷ்போர்டுப் பக்கம் பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும். டாஷ்போர்டுல பூட்டியிருக்கிற அந்தப் பெட்டிச் சாவியக் குடுத்தீங்கன்னா..."

"அதில கட்சிக்காரர் பத்திரம் இருக்கு, பாய். அதத் தொடாதீங்க."

"பத்திரத்த நான் ஏன்யா தொடப்போறேன், பின்னாடி வயரத்தான்..."

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. லைட்டைப் போட்டுட்டு மறந்துட்டா பேட்டரி எறங்குமா, எறங்காதா?"

"எறங்கும்."

"போதும்" என்றீர்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

அடுத்தது சவரிமுத்து. சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வண்டிக்குள் உட்கார்ந்து பேப்பர் படிப்பார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைப் பெரிய குற்றமாக ஆக்கினீர்கள். கூரை விளக்கைப் போட்டுக்கொண்டு படித்திருக்கிறார், அணைக்க மறந்திருக்கிறார் என்று தீர்ப்பே எழுதிவிட்டீர்கள். "பட்டப்பகல்ல எதுக்குய்யா லைட்டு?" என்றார் அவர். "கொட்டகைக்குள்ள இருட்டுத்தானே?" என்றீர்கள். அவர் வண்டிச் சாவியை ஜன்னல் திட்டில், என் தலைமாட்டில் வைத்துவிட்டு, "நம்பிக்கை இல்லாத எடத்தில நமக்கு என்ன வேலை? நான் வாரேன் டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டுச் செம்பட்டிப் பக்கம் தன் ஊருக்கே போய்விட்டார். ஆறு வருஷம் நம்மிடம் இருந்த மனிதர். போகிறபோது அவர் கண் கலங்கியிருந்ததை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

"எட்டாம் மாசம் பொறக்கப்போகுது. ஓடுற வண்டியும் இல்ல, ஓட்டுற ஆளும் இல்ல. ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். உங்களுக்கோ ஸ்டியரிங் பிடிக்கவே தெரியாது. எந்த வயர் குடிக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் அரை மணி நேர வேலை என்றும் சொன்னேன். "டீச்சர், இது உன் லேபரட்டரி இல்ல" என்று சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குப் போய்விட்டீர்கள்.

போனது நல்லதாகப் போயிற்று. பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிக் காதர் பாயை வரவழைத்தேன். அவரிடமிருந்த இரண்டாவது பேட்டரியைப் போடச் சொன்னேன். பேட்டரியிலிருந்து போகிற வயரைக் கழற்றி, வயருக்கும் முனைக்கும் நடுவில் ஒரு சின்ன பல்பை வைத்துக் கட்டச் சொன்னேன். வண்டி எதையும் குடிக்காமல் நின்றால் பல்பு எரியாது. எரிந்தால் உள்ளே ஏதோ குடிக்கிறது என்று அர்த்தம். இதற்கு ஒன்றும் பெரிய படிப்பு வேண்டாம். பல்பு மங்கலாக எரிந்தது. கட்டிலிலிருந்தே எனக்குத் தெரிந்தது.

"இப்ப ஒண்ணொண்ணாக் கழட்டுங்க, பாய். பல்பு எதில அணையுதோ அதான்."

"ஹாரன் கழட்டியாச்சும்மா. எரியுது."

"அடுத்தது."

"முன் லைட்டு. எரியுது. பின் லைட்டு. எரியுது. கூரை லைட்டும் கழட்டியாச்சு. எரியுதும்மா."

சவரிமுத்து மேல் குற்றமில்லை என்பது அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. டைனமோ வயரையும் கழற்றினார். பல்பு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தவர், "இங்க ஒரு பச்சை வயர் போகுதும்மா. இது வண்டியோட வந்தது இல்ல. யாரோ பின்னாடி போட்டுருக்காங்க. பெட்டிக்குள்ள போகுது" என்றார்.

டாக்டரம்மா மன்னிக்கட்டும், நான் கட்டிலை விட்டு இறங்கினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து கொட்டகைக்குப் போனேன். காதர் பாய் பதறிப்போனார். "தெறங்க, பாய்" என்றேன். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் இருந்துகொண்டு அந்தப் பெட்டிக்கு அத்தனை சின்னப் பூட்டைப் போட்டீர்களே, அவர் ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு நெம்பு நெம்பியதும் திறந்துகொண்டது.

பத்திரம் ஒன்றும் இல்லை. உள்ளே பழனியாண்டவர் படம் ஒன்று. அதன் முன்னால் சுண்டுவிரல் நுனி அளவு ஒரு சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு விபூதிப் பொட்டலம். மடித்த சீட்டு ஒன்று. அதில் உங்கள் கிறுக்கல் கையெழுத்தில் என் பெயர், ரோகிணி நட்சத்திரம், சுகப்பிரசவம், ஒரு மண்டலம் அணையா விளக்கு. கீழே ஆரம்பித்த தேதியும் முடிகிற தேதியும், வாய்தாத் தேதி குறிப்பது போல. கணக்குப் போட்டுப் பார்த்தேன். முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது.

என் நட்சத்திரம் பரணி.

எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுசாக ஆறவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டுக்கு வந்து நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "நம்ம வீட்ல சாமி விளக்கு வேண்டாம். உனக்குச் சம்மதமா?" இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதம் என்றேன். அம்மா கொடுத்த குத்துவிளக்கைப் பழைய புடவையில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தேன். ஒன்பது வருஷம் அது அங்கேயே கிடந்தது. முதல் பிள்ளை போனபோதும் எடுக்கவில்லை. இரண்டாவது போன அன்று அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், அன்றைக்கும் எடுக்கவில்லை. உங்களுக்குக் கொடுத்த வாக்கு என்று இருந்தேன். நீங்கள் என்னடா என்றால் எனக்குத் தெரியாமல் வண்டிக்குள் விளக்கேற்றிப் பூட்டி வைத்திருக்கிறீர்கள். அதை மறைக்க ஒரு நல்ல மனிதருக்குப் பட்டமும் கட்டி அனுப்பிவிட்டீர்கள்.

"கழட்டுங்க, பாய்" என்றேன்.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் மாட்டேன்மா. ஐயா வேண்டிக்கிட்டு ஏத்துனது. என் கையால அணைக்கக் கூடாது."

"இது எரிஞ்சா நான் மதுரை போய்ச் சேர மாட்டேன்."

"அதுவும் வாஸ்தவம்தான்" என்றார். ஆனால் கையை எடுக்கவில்லை.

நான்தான் பிடுங்கினேன். உங்கள் மேல் இருந்த கோபத்தில் கையை நீட்டிவிட்டேனே தவிர, வயரைத் தொட்டதும் பயந்துவிட்டேன். எனக்குச் சாமி உண்டு. உங்களுக்காக வாயைத் திறக்காமல் வைத்திருந்தேனே தவிர, எனக்கு எப்போதும் உண்டு. என் பிள்ளைக்காக எரிகிற விளக்கை நானே அணைக்கிறேன் என்று தெரிந்துதான் அணைத்தேன். உள்ளே சிவப்பு பல்பும் வெளியே பேட்டரியில் கட்டியிருந்த பல்பும் ஒன்றாக அணைந்தன.

சாயங்காலம் நீங்கள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சீட்டைக் காட்டிக் கேட்டேன்: "ரோகிணி யாரு?"

உங்களுக்குப் புரியவே இல்லை. "உன் நட்சத்திரம்தானே?"

"என்னது பரணி. ரோகிணி என் தங்கச்சியோடது. அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகல."

ஜாதகம் பார்க்காமல் கல்யாணம் செய்தவர் அதை எங்கே தெரிந்துகொள்வது? என்னிடம் கேட்டால் எதற்கு என்று நான் கேட்பேன். அம்மா என்றைக்கோ பேச்சுவாக்கில் சொன்னதை வைத்து எழுதியிருக்கிறீர்கள். பழனியில் கூட்டம் பேசி முடித்துவிட்டு, சவரிமுத்து சாப்பிடப் போன நேரம் பார்த்து ஒரு கடைக்காரரிடம் பல்பைப் போட்டு வாங்கியதாகச் சொன்னீர்கள். "'இது என்னத்தைங்க குடிக்கப் போவுது, கொசு அளவுதானுங்க'ன்னான் அவன். நானும் நம்பிட்டேன்" என்றீர்கள். ஊரில் ஒருத்தர் சொல்வதையும் அத்தாட்சி இல்லாமல் நம்பாதவர் நீங்கள்.

"கொசுவே ஆனாலும் அஞ்சு நாள் விடாமக் குடிச்சா என்ன மிஞ்சும்?" என்றேன். "பாய் சாவி கேட்டப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா? சவரிமுத்து மேல எப்படிப் பழி போட மனசு வந்துச்சு?"

நீங்கள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தீர்கள். "அணைச்சிட்டியா?" என்று கேட்டீர்கள். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"ஆமா."

"எனக்கு நம்பிக்கை கிடையாது. இப்பவும் கிடையாது" என்றீர்கள். "ஆனா ரெண்டு தடவ ஆஸ்பத்திரி வராந்தாவில கைய வெச்சுக்கிட்டுச் சும்மா நின்னேன். மூணாந்தடவ அப்படி நிக்க முடியல."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே ஏத்தியிருப்பேனே."

"உன் விளக்கப் பெட்டியில போடச் சொன்னவன், எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

எனக்குப் பாவமாக இருந்தது. கோபமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், "நாளைக்கே போயி சவரிமுத்துவக் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் கோர்ட்டுக்கு லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போனீர்கள். அங்கே நடந்ததைப் பிற்பாடு சவரிமுத்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். கத்தரித் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் முன்னால் வரப்பில் நின்றுகொண்டு, பழனியில் ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னீர்களாம். தப்பு என்னுடையது என்று கையைப் பிடித்துக்கொண்டீர்களாம். அதற்கு அவர் சொன்ன பதிலைத்தான் இத்தனை வருஷமாக என்னால் மறக்க முடியவில்லை: "இத அப்பவே எங்காதில போட்டிருந்தா, தெனமும் செத்த நேரம் இஞ்சினை ஓட்டி வெச்சிருப்பேனேய்யா. விளக்கும் எரிஞ்சிருக்கும், வண்டியும் கெளம்பியிருக்கும்."

இவ்வளவுதான் விஷயம். நீங்களும் நானும் காதர் பாயும் ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டதற்கு ஒரு வரியில் பதில்.

திரும்பி வந்ததும் வயரை மறுபடியும் மாட்டட்டுமா என்று சவரிமுத்து கேட்டார். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் வேண்டாம் என்றேன். அது வீம்பா, அணைத்ததை மறுபடி ஏற்றலாமா என்ற பயமா, எனக்கே தெரியாது. அன்றிலிருந்து பேட்டரி இறங்கவே இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், நாம்தான் அதைப் பேசிக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் மாதம் ஒரு காலையில், நீங்கள் இட்லிக்குக் கை நனைத்திருந்த நேரத்தில் வலி கண்டது. சவரிமுத்து செல்ஃபைத் தொட்டதும் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. சின்னாளப்பட்டி தாண்டும்போது ரோட்டோரம் நூல் காயப்போட்டிருந்தவர்கள் ஹாரன் சத்தத்துக்கு எழுந்து ஒதுங்கினார்கள். நான் பின்சீட்டில் கிடந்தேன், நீங்கள் முன்சீட்டில் இருந்தீர்கள். மதுரை போய்ச் சேரும்வரை உங்கள் இடது கை அந்தப் பெட்டியின் மூடி மேலேயே இருந்தது. திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா உங்களுக்கு? வலியிலும் எனக்கு அதுதான் எரிச்சல். அன்று மத்தியானம் நம் பெண் பிறந்தாள். அவளுக்கு இப்போது பதினொன்று நடக்கிறது.

அதற்கப்புறம் உங்களை வாயை மூடவைக்க எனக்கு ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. எந்த வாதம் செய்தாலும் "ரோகிணி" என்பேன். நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள்.

போன வருஷம் உங்களுக்கு நெஞ்சுவலி வந்து படுத்தபோது, மாத்திரை வாங்கிவருகிறேன் என்று உங்களிடம் பொய் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். தேங்காய் பழத்தட்டை நீட்டினேன். குருக்கள் பெயரைக் கேட்டார், சொன்னேன். "நட்சத்திரம்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. இருபது வருஷம் உங்களோடு இருந்திருக்கிறேன்; காப்பிக்கு எத்தனை சர்க்கரை, எந்தக் காது மந்தம், எல்லாம் தெரியும். இது தெரியவில்லை. "பரவால்லம்மா, சாமி பேருக்கே பண்ணிடலாம்" என்றார் குருக்கள். நான் தட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் "எங்க போன, இம்புட்டு நேரம்?" என்று கேட்டீர்கள். "கடையில கூட்டம்" என்றேன். அந்த நிமிஷம் உங்களையே கேட்டிருக்கலாம். கேட்டால் நான் எங்கே போனேன் என்பது தெரிந்துவிடும். நான் பயந்துகொண்டிருப்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் கேட்கவில்லை. நாலாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

சடங்கு எதுவும் கூடாது என்று எழுதிவைத்திருந்தீர்கள், ஒன்றும் செய்யவில்லை. உங்கள் ஊருக்குப் போய்ப் பழைய ஆட்களிடம் நட்சத்திரத்தை விசாரித்தேன். உங்களைப் பெற்றவர்கள் இல்லை, பிறந்த நேரம் தெரிந்தவர்கள் ஒருவரும் மிச்சமில்லை. இதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. உங்களை ரோகிணி ரோகிணி என்று எத்தனை தடவை மட்டம்தட்டியிருப்பேன். தப்போ சரியோ, எனக்காக நீங்கள் சீட்டில் ஒன்றை எழுதினீர்கள். உங்களுக்காக நான் கோயிலுக்குப் போனேன். சொல்ல ஒன்றும் இல்லாமல், உடைக்காத தேங்காயோடு திரும்பி வந்தேன்.